கிணற்றைப் படுக்க வைத்தவர்

இரண்டாயிரத்து நாலில் ஒருநாள் கிணற்றடியில் இருந்தது முதலாளி அர்பாப், அவருடைய மலையாளி டிரைவர், தோட்ட வேலைக்குப் போயிருந்த நான், அப்புறம் மோட்டார் பார்க்கிற ராமநாதபுரத்துக்காரர். அரபு நாட்டுச் சலாலாவில், கடலை ஒட்டிய வாழைத்தோட்டம் அது.

மோட்டார்க்காரர் ஒல்லியான ஆள், கறுத்த உதடு. தினமும் தண்ணீரை வாயில் ஊற்றி ருசி பார்த்த பிறகுதான் மோட்டாரை ஓட விடுவார். அன்று துப்பிவிட்டு அணைத்தார்.

"யல்லா, போடு! வாழை வாடுது," என்றார் அர்பாப்.

"மாஃபி, முடியாது அர்பாப். உப்பு ஏறுது. கெணறு பத்து நாள் ஓயணும்."

"வாழை செத்தா உன்னை ஊருக்கு அனுப்பிடுவேன்."

"பெட்டியைக் கட்டிக்கோ அண்ணே," என்று டிரைவர் சிரித்தான்.

மோட்டார்க்காரர் அர்பாப் பக்கம் திரும்பினார். "ஒட்டகம் கட்டி எறைச்ச காலத்துல தண்ணி இனிச்சுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? ராத்திரி ஒட்டகமும் படுத்துச்சு, கெணறும் படுத்துச்சு. மோட்டார் வந்த பொறவு கெணறு படுக்கவே இல்ல. அதான் கடல் உள்ள வருது."

மோட்டாரைப் போடச் சொல்லாமலே அர்பாப் வண்டி ஏறினார்.

பத்து நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. பதினோராம் நாள் மோட்டார்க்காரர் தண்ணீரைத் துப்பாமல் விழுங்கினார், மோட்டாரைப் போட்டார். விடாமல் இறைத்த பக்கத்துத் தோட்டம் முழுதும் பட்டுப்போனது.

பத்து நாள் போதும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ, எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் தோட்டத்தில் குலை தள்ளிய மரம் நானூற்றுப் பன்னிரண்டு.