காமாலை என்று சொல்லிவிட்டேன்

கடத்தூரிலிருந்து தருமபுரி கல்லூரிக்குப் போகிற காலை பஸ்ஸை நடுவழியில் நிறுத்தச் சொல்லி என் மகள் சந்தியா இறங்கிவிட்டாள். மூச்சு அடைக்கிறது, கை மரத்துப்போகிறது, செத்துவிடுவேன் போல இருக்கிறது என்று போனில் அழுதாள். நான் போய்ச் சேர்ந்தபோது சாலையோரத்தில் புத்தகப் பையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். சுடிதார் வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

இதயம்தான் என்று பயந்தோம். இ.சி.ஜி. (நெஞ்சுத் துடிப்பைக் காகிதத்தில் கோடாக எடுப்பது) எடுத்தார்கள். ரத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரி என்று கேட்டு நான் கலங்கியது அன்றுதான்.

அதன்பின் அவள் பஸ் ஏறவில்லை. பிறகு தெருவுக்கு வருவது நின்றது. பிறகு தலை சீவுவதும் நின்றது. காலையில் எழுப்பப் போனால் விழித்தபடியே படுத்திருப்பாள். "காட்டு வேலைக்கு வந்து நாலு நாள் குனிஞ்சி நிமுந்தா எல்லாம் சரியாப்பூடும்" என்று ஒரு மாதம் திட்டினேன். இதைப் படிக்கிறவர்களும் சொல்லியிருப்பீர்கள். சொல்லாதீர்கள். அவளால் முடிந்திருந்தால் முதல் நாளே எழுந்திருப்பாள்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். புருஷன் போன பிறகு சாமந்தியும் கேழ்வரகும் போட்டு, பத்துப் புளியமரத்தைக் காத்து, இரண்டு மகன்களைக் கரையேற்றினேன். சந்தியா எனக்கு நாற்பத்துமூன்றாம் வயதில் பிறந்தவள். பேத்தியா என்று யாராவது கேட்டால், மகள் என்று அழுத்திச் சொல்வேன். யார் வாசலிலும் ஒரு கை உப்புக் கேட்டு நின்றதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அது என் மகளுக்குச் செய்த கெடுதலை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மறுபடி டாக்டரிடம் காட்டியபோது, தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா முதலில் அவளிடம் தனியாகப் பேசினார். பிறகு என்னை அழைத்து விளக்கினார். ஒன்று பதற்ற நோய் (ஆபத்தே இல்லாதபோதும் உடம்பு ஆபத்தில் மாட்டியதுபோல் துடிப்பது). கூடவே மனச்சோர்வு (வருத்தம் மட்டுமல்ல, பசி, தூக்கம், ஆசை எல்லாம் வற்றிப்போவது). வயசுப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு வருகிறதாம். வளர்ப்பின் குற்றமில்லை என்றார்.

"எங்கிட்ட சொன்னதை அம்மாகிட்டயும் சொல்லும்மா" என்றார்.

சந்தியா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "சாவணும்னு இல்லம்மா. காலைல கண்ணு முழிக்காம இருந்தா தேவலன்னு இருக்கும்."

டாக்டரம்மா குரலை மாற்றாமல் என்னைக் கேட்டார். "வீட்ல பூச்சி மருந்து எங்க வெச்சிருக்கீங்க?"

"மாட்டுக் கொட்டாயில இருக்குதுங்க."

"இன்னிக்கே வெளியேத்துங்க. முடியலன்னா பூட்டி, சாவிய உங்க இடுப்புலயே வெச்சிக்குங்க. புள்ளைய தனியா விடாதீங்க."

தினமும் ஒரு மாத்திரை. அது வேலை செய்ய மூன்று, நான்கு வாரம் ஆகும் என்றார். வாரம் ஒருநாள் வந்து பேச வேண்டும். அதுவும் வைத்தியம்தான்.

ஆட்டோவில் ஊர் திரும்பி வாசலில் இறங்கும்போது எதிர்வீட்டு ருக்கு பிடித்துக்கொண்டாள். என் கொழுந்தன் மனைவி. "என்னாக்கா, புள்ளைக்கு என்னாவாம்?"

சந்தியாவுக்கு அப்போதுதான் ஒரு இடத்தில் சம்பந்தம் பேச்சு வந்திருந்தது. வெளுத்த அவள் முகத்தைப் பார்த்தேன். "காமாலை" என்றேன். யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

அதன்பின் தெருவே வந்தது. மோர், இளநீர், கரும்புச் சாறு. காமாலைக்குப் பத்தியம் உண்டு. உப்பு ஆகாது, புளி ஆகாது, எண்ணெய் ஆகாது. ஏற்கெனவே நாலு வாய் தின்னாதவளுக்கு உப்பில்லாத கஞ்சி ஊற்றினேன். ருக்கு தினமும் விடிந்ததும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

"இங்கிலீஷ் மாத்திர கீத்திர குடுத்துடாதக்கா. ஈரலு வெந்துபூடும்" என்றாள்.

மாத்திரையை அரிசி டப்பாவில் ஒளித்தேன். நாலு பேர் வந்து காமாலை, காமாலை என்று சொல்லச் சொல்ல, காமாலைதானோ என்று எனக்கே ஆகிவிட்டது. நான் சொன்ன பொய்யை நானே நம்பி மாத்திரையை நிறுத்தினேன்.

பத்தியம் தொடங்கிய ஒன்பதாம் நாள் அவளுக்குத் தலை சுற்றியது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸில் வந்த அதே மூச்சடைப்பில் நடுங்கினாள். அடங்கியபின் மெதுவாகச் சொன்னாள். "உன் பொய்க்கு நான் பத்தியம் இருக்கறேம்மா."

பூச்சி மருந்தைப் பூட்டிய சாவி என் இடுப்பில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் எல்லாம் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. "நீங்களா நிறுத்தக் கூடாதுங்கம்மா. இனி மொதல்லருந்து வாரத்த எண்ணணும்" என்றார். என் திமிரால் போன நாட்களை யாரிடம் கேட்பது?

அது புளி தட்டுகிற காலம். எங்கள் வாசலில் ஐந்தாறு பெண்கள் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சம்பந்தம் பேசிய அம்மாளும் இருந்தாள். நான் உள்ளே போய்ச் சந்தியாவைக் கேட்டேன். "சொல்லிடட்டுமாடி?"

"சொல்லு. எனக்குப் பேச்சு வராது."

வெளியே வந்து உட்கார்ந்தேன். கையில் புளியை வைத்துக்கொண்டே சொன்னேன். "எம் பொண்ணுக்குக் காமாலை இல்ல. மனசுல நோவு. தருமபுரியில மருந்து எடுக்கறோம். நாந்தான் பொய் சொன்னேன்."

ருக்கு கையிலிருந்த புளியைக் கீழே போட்டாள். என்னைப் பார்த்துக் கேட்டாள். "அப்ப நான் ஏரிக்கர பூரா மண்டி போட்டுக் கீழாநெல்லி பறிச்சது?"

யாரோ சிரித்தார்கள். ருக்கு சிரிக்கவில்லை. "உப்பில்லாம சோறு போட்டியே அந்தப் புள்ளைக்கு. பாவி" என்று அழுதாள். சம்பந்தம் பேசிய அம்மாள் மடியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனாள். பிறகு வரவில்லை. அது எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும்.

அன்று மதியம் உப்புப் போட்டு, புளிக்குழம்பு வைத்தேன். மூன்று வாய் சாப்பிட்டாள்.

ஐந்தாம் வாரம் தலை சீவினாள். ஆறாம் வாரம் மறுபடி இரண்டு நாள் படுத்தே கிடந்தாள். இந்த நோய் நேராக இறங்காது. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் விட்டேன். விதைப்பு, அறுப்பு என்று நாளைப் பார்த்தவள் நான். இப்போது அவள் ஒரு மூச்சு விட்டு முடிக்கிற நேரம்தான் என் நேரம்.

போன வாரம் புளியைச் சட்டியில் அடைத்துக்கொண்டிருந்தோம். அடுக்குக்கு அடுக்கு கல்லுப்பு தூவ வேண்டும். பாதியில் உப்பு தீர்ந்துவிட்டது.

"சித்தி வூட்ல கேட்டு வாங்கியாறேன்" என்றாள் சந்தியா.

நம்ம வூட்ல உப்பு கேக்கற பழக்கம் இல்ல என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

நிலையைப் பிடித்து நின்றாள். மூச்சை விட்டாள். இறங்கினாள். அவள் தனியாகத் தெருவில் கால் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இருபது அடித் தெரு. நான் புளிக் கையோடு உட்கார்ந்திருந்தேன். என் நெஞ்சுக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று அறுபத்திரண்டு வயதில்தான் கேட்டேன். ஒரு போகம் விளைந்து அறுத்திருக்கலாம், அவ்வளவு நேரம்.

துப்பட்டாவில் உப்பை முடிந்துகொண்டு திரும்பி வந்தாள். அவளுக்குப் பின்னால், தெருவே கேட்க, ருக்குவின் குரல் வந்தது.

"ஏக்கா, உன் வூட்லகூட உப்பு தீருமா?"

"தீருது ருக்கு" என்றேன்.