ஸ்பிரிங்வெளியில் பூட்டிய கதவு

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் அக்காவின் வீட்டுக் கதவு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட் டின்னோடு வாசலில் நிற்கிறேன். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அடுத்த வீட்டு அம்மா அருகே வருகிறார்.

"நீங்க கொழும்புத் தம்பிதானே? அவங்க குடும்பத்தோட நேத்து இந்தியாவுக்குப் போயிட்டாங்களே! இலங்கைப் பிரஜாவுரிமை இல்லேன்னு கவர்மெண்டுல சொல்லிட்டாங்க. தம்பி திங்கக்கிழமை வந்துரும், பாத்துட்டே போயிருவோம்னு அக்கா சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

திங்கட்கிழமை வருவதாகத்தான் எழுதியிருந்தேன். வழியில் அருவி பார்க்க எல்ல என்ற ஊரில் இறங்கி, இடம் பிடித்துப்போய் இரண்டு நாள் தங்கிவிட்டேன். அவர்கள் புறப்படுவது எனக்குத் தெரியாது.

"நான் வரலேன்னு அக்காவுக்குக் கோவமா?"

"இல்லைங்க. 'பாவம், லீவு கெடைச்சிருக்காது'ன்னு சொல்லிட்டுத்தான் போச்சு."

எனக்கு இன்னும் ஐந்து நாள் லீவு மிச்சமிருக்கிறது.