தண்ணீர் படாத கிண்ணம்

புருஷன் மெத்வல்லி செத்தபோது தஹானி அழவில்லை. எங்கள் புருல்லுஸ் ஏரிக்கரையில் இது லேசான விஷயமா? இங்கே ஒப்பாரி வைத்தால் அடுத்த ஊருக்குக் கேட்கும். இவளோ துக்கம் கேட்க வந்தவர்களுக்குச் சர்க்கரை போடாத காப்பியை ஊற்றிக்கொண்டே இருந்தாள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். அந்த வாய்களை அன்றைக்கே ஊசிநூல் கொண்டு தைத்திருக்க வேண்டும். நான் பக்கத்து வீட்டுக்காரி, எனக்கல்லவா தெரியும் அவளை!

மெத்வல்லி கெளுத்திக் குஞ்சு பொரிக்கும் கொட்டகை வைத்திருந்தான். சினை மீனின் வயிற்றைப் பிசைந்தால் முட்டை வந்துவிடும். ஆண் மீனிடம் அது நடக்காது, அறுத்துத்தான் விந்துப்பையை எடுக்க வேண்டும். வருஷா வருஷம் அறுத்தவன், ஒரே ஒரு ஆணை மட்டும் தொடவில்லை. மீசையும் தொந்தியுமாக இருந்ததால் அதற்கு உம்தா என்று பெயர், அதாவது ஊர்த்தலைவர். அவன் கையிலிருந்து ரொட்டியை வாங்கித் தின்னும். அவன் போன பிறகு தஹானியின் கையிலும் தின்றது.

கொழுந்தன் ஷபான் துக்க வீட்டிலேயே சொல்லிவிட்டான். "மதினி, இந்தத் தடவை பொரிக்கலேன்னா தொட்டிய நான் எடுத்துக்குவேன். ஜிலேபி மீன் விடப்போறேன். நீ உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு."

அந்தக் கோடை வெயிலில் ஆண் மீன்கள் செத்து, உம்தாவைத் தவிர ஒன்றுதான் மிச்சம். சினை மீனுக்கு முட்டை முதிர ஊசி போட்டாயிற்று. மறுநாள் காலை அதன் வயிறு தொட்டாலே முட்டை கசிந்தது. இனி அது காத்திருக்காது.

அந்த ஒற்றை ஆணை அறுக்க ஷபானே வந்தான். உயிரை எடுக்கிறோமே என்று பயபக்தியாக, தொழுகைக்கு முன்போல முகம் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டு, பிஸ்மில்லா சொல்லி அறுத்தான். பையைக் கிண்ணத்தில் பிழிந்தபோது அவன் முழங்கையிலிருந்து ஒளுத் தண்ணீர் சொட்டியது.

"ஐயோ, கைய எடு!" என்று தஹானி கத்தினாள்.

"என்னாச்சு? சுத்தமான தண்ணிதானே?"

"சுத்தமா இருந்தா என்ன, தண்ணிதானே! போச்சு, எல்லாம் போச்சு!"

தண்ணீர் பட்டதும் விந்து துள்ளி எழும். பக்கத்தில் முட்டை இல்லாவிட்டால் நிமிஷத்தில் செத்துவிடும். முட்டையோ இன்னும் மீனின் வயிற்றில் இருந்தது. ஷபான் மூலையில் போய் நின்றான்.

தஹானி கடைசித் தொட்டியைப் பார்த்தாள். உம்தா ரொட்டிக்காக மேலே வந்து வாயைத் திறந்தது. அவள் ஒரு துண்டு கொடுத்தாள். தின்று முடிக்கும்வரை நின்றாள்.

"நான் அறுக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க்கா. அவர் வளர்த்தது, நானே பண்றேன். நீங்க முட்டையப் பிடிங்க."

துணியால் கையைத் துடைத்தாள், கத்தியைத் துடைத்தாள், மீனையும் துடைத்தாள். பிஸ்மில்லா சொன்னாள். எனக்குக் கண் பொங்கிவிட்டது.

"தள்ளிப் போய் அழுங்கக்கா. கிண்ணத்துல ஒரு சொட்டு விழக்கூடாது."

நான் பிசைந்து பிடித்து வைத்திருந்த முட்டைமேல் அவள் உம்தாவின் விந்துப் பாலைப் பிழிந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கோழி இறகால் கலக்கினாள். பிறகு செம்பை எடுத்துத் தண்ணீர் ஊற்றி இன்னும் கொஞ்சம் கலக்கினாள். முட்டைகளை வலைமேல் பரப்பித் தொட்டியில் இறக்கினாள். அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்தாள்.

அப்புறம் வந்தது பாருங்கள் அந்த அழுகை! "மெத்வல்லி, மெத்வல்லி" என்று தரையில் அறைந்துகொண்டு அழுதாள். தெருவே ஓடி வந்தது.

ஷபான் பயந்துபோனான். "மதினி, நல்லபடியாத்தானே முடிஞ்சுது? இப்ப ஏன் அழுவுறே?"

"தண்ணி ஊத்தியாச்சு ஷபான். இனிமே அழலாம்."

மறுநாள் வலை முழுக்கக் குஞ்சுகளின் வால் துடித்தது. ஷபான் வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். தொட்டிப் பேச்சை எடுக்கவே இல்லை. போகும்போது துணியை எடுத்து, ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டு போனான்.