சோற்றுப் பருக்கையில் ஒட்டிய சத்தம்

போன புரட்டாசியில் பத்து நாளாக எங்கள் கூடத்தில் ஒரே இரைச்சல். என் வீட்டுக்காரர் இளவயசில் மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிதார் வாசித்தவர். அப்போது திருப்பனந்தாளில் நடந்த ஒரு நவராத்திரிக் கச்சேரியை மைக் செட்காரர் கேசட்டில் பிடித்துக் கொடுத்திருந்தார். குழுவில் மிஞ்சியிருக்கிற நாலு பேரும் அந்தப் புரட்டாசி நவராத்திரிக்கு அதே ஊரில் மறுபடி வாசிப்பதாக ஏற்பாடு.

அந்தக் கேசட்டில் கிதார் சத்தம் தனி தினுசு. தொண்டை கட்டிய ஆள் உருகிப் பாடுகிற மாதிரி, அடியில் ஒரு கரகரப்போடு வரும். கேசட்டைக் கேட்டவர்கள் எல்லாரும் அதைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். "அது என் விரல் அழுத்தம்" என்பார் இவர்.

கிதாருக்கு மாட்டுகிற பழைய ஸ்பீக்கர் பெட்டி எப்போதோ போய்விட்டது. அதே மாதிரி பெட்டி ஒன்றை நாகப்பட்டினத்தில் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். என்ன திருகியும் சத்தம் பளிச்சென்றுதான் வந்தது. திருவிடைமருதூரிலிருந்து வந்திருந்த டிரம்ஸ்காரர் பொறுமை போய்ச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, பொட்டிய ஏன் திட்டுறீங்க? பழைய விரல் போயிடுச்சு, அவ்வளவுதான்."

இவர் கிதாரைச் சுவரில் சாய்த்தார். "நான் வரல. வேற ஆளப் பாத்துக்குங்க" என்றார்.

காப்பித் தம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தேன். ஆம்பிளைகள் பேசுகிற இடத்தில் நான் வாய் திறந்ததே கிடையாது.

"விரல்ல ஒண்ணுமில்லைங்க. அது எலி" என்றேன்.

"என்னது?"

"எலி கடிச்சது. நான் ஒட்டுனேன்."

அப்புறம் நிறுத்த முடியவில்லை. கேசட் பிடித்த அந்த வருஷம் குறுவை அறுப்பில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த நெல் மூட்டைகளை உள்ளே அடுக்க இடமில்லாமல், பெட்டியை நான்தான் மூட்டையோடு ஒட்டித் தள்ளிவைத்தேன். அதன் பின்பக்கம் திறந்தே இருக்கும். கச்சேரியன்று பார்த்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கறுப்புக் காகிதத்தை எலி கிழித்திருந்தது. இவர் குளிக்கப் போயிருந்தார். நாலு பருக்கை சோற்றை மசித்து, தினசரி காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டி, வாயை மூடிக்கொண்டேன். முதலில் பயம். கச்சேரிக்குப் பிறகு இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தபின் எப்படிச் சொல்வது?

"இத்தன வருஷமா என் விரல்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே" என்றார்.

டிரம்ஸ்காரர் சிரித்து உருண்டார். "அண்ணி, எலிக்கு ஒரு சால்வை போடணும்!"

இவர் சிரிக்கவில்லை. மேஜையிலிருந்த பிளேடை எடுத்து என்னிடம் நீட்டினார். "எவ்வளவு கிழிஞ்சிருந்துச்சு?"

"ஐயோ அண்ணே, பொட்டி இப்பத்தானே வந்துச்சு!"

"நீ சும்மா இருடா."

பிளேடை வாங்கி, பெட்டிக்குள் இருந்த கறுப்புக் காகிதத்தைக் கட்டைவிரல் நீளத்துக்குக் கீறினேன். மத்தியானச் சோற்றை மசித்துக் காலண்டர் தாளை நன்றாக ஒட்டி வெயிலில் வைத்தோம். காய்ந்ததும் இவர் கம்பியைத் தட்டினார். மொத்தென்று வந்தது. வாயில் துணி அடைத்த மாதிரி.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு இவர் செருப்புச் சத்தம் கேட்டு, ஒரு ஓரத்தை ஒட்டாமலே ஓடினேன்!

குனிந்து நகத்தால் அந்த ஓரத்தை மட்டும் கிளப்பிவிட்டேன். "இப்ப வாசிங்க."

வாசித்தார். தாள் படபடத்தது. கேசட்டில் இருந்த அதே தொண்டை எங்கள் கூடத்தில் பாடியது. டிரம்ஸ்காரர் பித்தளைக் குடத்தைக் கவிழ்த்துத் தட்ட ஆரம்பித்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் வாசித்தார். விரல் ஓரிடத்தில்கூட இடறவில்லை. நான் கை தட்டினேன். இவர் முன்னால் நான் கை தட்டியது அதுதான் முதல்.

முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாதிப் பாட்டுல தாள் பிச்சுக்கிட்டா?"

"நான் என்னத்தச் செய்ய?"

"கூட வா. சோறு எடுத்துக்க."

திருப்பனந்தாள் மேடையில், பெட்டிக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்தேன். மடியில் எவர்சில்வர் டப்பா, அதில் ஒரு பிடி சோறு, நாலு காலண்டர் தாள். தாள் பிய்யவே இல்லை. ஆனாலும் கடைசிப் பாட்டு வரைக்கும் மூடியைத் திறந்தே வைத்திருந்தேன்.