பெல்ட் உயர மெழுகுவர்த்தி

மகளுக்கு இருதயத்தில் சின்ன ஓட்டை. ஊரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். எனக்கு சிங்கப்பூரில் லீவு கிடைக்கவில்லை. மகள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். எங்கள் பக்கம் வழக்கம் அது. பிள்ளைக்கு என்றால் பிள்ளை உயரம். கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது.

ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு, இங்கே சர்ச்சிலிருந்து மலேசியாவில் இருக்கும் மலாக்காவுக்கு பஸ் போனது. காலையில் போய் அன்றைக்கே திரும்புவது. எங்கள் ஊர்க் கோயில் புனிதரை முதலில் அங்கே மலை மேல்தான் கொஞ்ச காலம் அடக்கம் செய்திருந்தார்களாம். அங்கேயே வைத்துவிடலாம் என்று பெயர் கொடுத்தேன்.

அவ்வளவு பெரிய மெழுகுவர்த்தி கடையில் இல்லை. லிட்டில் இந்தியாவில் சின்னது நிறைய வாங்கி, டார்மிட்டரி அடுப்பில் உருக்கினோம். ரூம்காரன் பிளம்பர். சாமி கும்பிடாத ஆள். பிளாஸ்டிக் பைப் கொண்டுவந்தான்.

"எவ்ளோ நீளம் மச்சான்?"

நான் கிளம்பின அன்று மகள் என் பெல்ட் வரை நின்றாள். பெல்ட்டைக் காட்டினேன். வெட்டினான். நடுவில் நூல் கட்டி ஊற்றினோம்.

பஸ்ஸில் ஒரு சீட் காலி. அவனும் வந்தான், சுற்றிப்பார்க்க. பஸ்ஸுக்குப் பொறுப்பாக வந்தது ஒரு அக்கா, சிங்கப்பூரிலேயே பிறந்தவர். "என்ன தம்பி, பைப் ரிப்பேருக்கா போறீங்க?" என்றார். மலேசியா எல்லை செக்பாயிண்டிலும் பைப்பைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி மெழுகைத் தட்டிப் பார்த்தார். "கேக் எவ்ளோ பெருசு?" என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மலை மேல் கூரை இல்லாத கோயில். சுவரில் கல்லறைக் கற்களைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். கீழே கடல். புனிதர் இருந்த குழி காலி, மேலே கம்பி வலை. நெருப்பு வைக்கக் கூடாது என்று காவலாளி கையை ஆட்டினார்.

வீட்டுக்கு வீடியோ கால் போட்டு மெழுகுவர்த்தியைக் காட்டினேன். மனைவி பார்த்தாள்.

"என்னங்க இது? இவ்ளோதானா?"

"ஏன்?"

"பிள்ளை வளந்துடுச்சுங்க. நீங்க போயி மூணு வருஷம் ஆச்சு."

ஆஸ்பத்திரியில் அளந்த உயரத்தைச் சொன்னாள். ரூம்காரன் பையிலிருந்து டேப்பை எடுத்தான். ஒரு சாண் குறைந்தது. மனைவி அழ ஆரம்பித்தாள். "நாளைக்கு அட்மிட் பண்றோம். குறைச்சு வைக்காதீங்க." மகள் பின்னால் ஏதோ தின்றுகொண்டிருந்தாள்.



"ஒட்டிடலாம்டா. ஓடுற தண்ணியையே நிறுத்துறவன் நான், இதென்ன?" என்றான் அவன்.

இறங்கி, கீழே இருந்த சர்ச்சுக்குப் போனோம். அங்கே விற்ற மெழுகுவர்த்திகளை லைட்டரில் இளக்கி, நூலோடு நூல் முறுக்கி, மேலே வைத்து அழுத்தினான். முதல் தடவை சாய்ந்து விழுந்தது. பஸ் கிளம்பும் நேரம். டிரைவர் ஹாரன் அடித்தார். அக்கா வந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். திரும்பி டிரைவரைப் பார்த்துக் கத்தினார். "நிக்கட்டும் லா! பிள்ளை காரியம்."

இரண்டாவது தடவை நின்றது. டேப் வைத்துப் பார்த்தான். ஒரு விரல் கூடவே இருந்தது.

"வளர்ற பிள்ளை, இருக்கட்டும்" என்றார் அக்கா.

பற்றவைத்தேன். ஒட்டின துண்டுதான் முதலில் எரிந்தது. அது தீரும்வரை நிற்க முடியவில்லை. பஸ் ஏறினோம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மனைவி போன் செய்தபோது நான் வேலையில் இருந்தேன். சரி என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இப்போது சம்பளத்தன்று போன் செய்து மகளை அளக்கச் சொல்கிறேன். அந்த அளவுக்கு ரூம்காரன் என் கட்டில் கம்பியில் மார்க்கரால் கோடு போடுகிறான். கடைசிக் கோடு என் சட்டைப் பைக்குக் கிட்டே வந்துவிட்டது.