முறை வண்டி

கொரோனா வந்த அந்தக் கோடையில் ஊரே ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டது. பக்கத்து வீட்டில் தும்மல் கேட்டால் ஜன்னலைச் சாத்தினார்கள். பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். எனக்கு இதெல்லாம் புதிதாகத் தெரியவில்லை. சந்தேகப்படுவதில் நான் பழம் தின்று கொட்டை போட்டவன். பெற்ற அம்மாவே சில்லறை கொடுத்தாலும் எண்ணிப் பார்க்காமல் பையில் போட மாட்டேன். ஊர் இப்போதுதான் என் வழிக்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் அப்போது சந்தேகப்பட்டது கிருமியை அல்ல, என் அண்ணனை. காரணம் ஒரு கார்.

வெள்ளை அம்பாசடர். அப்பா வாங்கியது. அவர் காலத்துக்குப் பிறகு பாகம் பிரித்தபோது காங்கேயம் பக்கத்துத் தோட்டமும் கொப்பரை காயவைக்கும் களமும் அண்ணனுக்குப் போயின. சூலூரில் இருந்த இடம் எனக்கு வந்தது. அதில்தான் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். காரை விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்ள இரண்டு பேருக்கும் மனசில்லை. விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. பேச்சுவார்த்தைக்கு வந்திருந்த மாமா ஒருவர் பொறுமை இழந்து, "கெணத்துக்கு முறை வெச்சுக்கறாப்பல காருக்கும் முறை வெச்சுக்கங்களேன்" என்றார். எங்கள் பக்கம் அண்ணன் தம்பிக்குப் பொதுக் கிணறு இருந்தால் இத்தனை நாள் ஒருவன் தண்ணீர் பாய்ச்சுவது, அடுத்து மற்றவன் பாய்ச்சுவது என்று முறை உண்டு. அவர் கடுப்பில் சொன்னதையே நாங்கள் ஒப்பந்தமாக எடுத்துக்கொண்டோம். ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை அண்ணன் வீட்டில், அதற்கு அடுத்த அமாவாசை வரை என் வீட்டில். முறை முடிந்தவர் வண்டியைக் கழுவித் துடைத்து மற்றவர் வாசலில் நிறுத்திவிட்டு, காபி குடித்துவிட்டுப் பஸ்ஸில் திரும்ப வேண்டும்.

அந்த வண்டியை எங்கேயோ வடக்கே செய்தார்கள் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தேய்ந்துபோன புஷ்களைக் கோவை கணபதி ஏரியாவில் கடைந்து போட்டோம். ரேடியேட்டரை உக்கடத்தில் பற்றவைத்தோம். சீட்டுக்கு உறை தைத்தது சூலூரில். டீசல் டேங்க் மூடி தொலைந்தபோது பித்தளைக் கட்டையை லேத்தில் மாட்டி நானே ஒரு மூடி செய்தேன். தூரத்திலிருந்து பார்த்தாலே மின்னும். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, கடைசியில் அது கோயமுத்தூர் வண்டியாகவே ஆகிவிட்டது.

இப்போது பட்டறையில் நான் செய்வதும் கார் சாமான்தான். ஆனால் எந்தக் காருக்கு என்று தெரியாது. வரைபடம் வரும், அளவு வரும், கடைந்து அனுப்பினால் பணம் வரும். எங்கே மாட்டுகிறீர்கள் என்று கேட்டால், ஆர்டர் கொடுக்கிறவருக்கே தெரியாதாம். இதில் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கிறது என்று ஆரம்பத்திலிருந்தே எனக்கு உறுத்தல். அம்பாசடரின் பானெட்டைத் தூக்கினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைவிட்டு எடுக்கலாம். புது வண்டியின் பானெட்டைத் தூக்கினால் உள்ளே இன்னொரு மூடி இருக்கிறது. மூடிக்குள் மூடி வைத்தவனை எப்படி நம்புவது?

நான் நம்பாதது சரியாகத்தான் போயிற்று. ஊரடங்கு வந்ததும் அந்த ஆர்டர்கள் ஒரே போன்காலில் நின்றன. கரண்டுக்கும் பேங்க் தவணைக்கும் மட்டும் ஊரடங்கு இல்லை. வேலையாட்களுக்குப் பாதிச் சம்பளமாவது தர வேண்டும். பழைய மிஷின் வாங்குகிற ஒருவர் வந்து என் பெரிய லேத்தை இப்படியும் அப்படியும் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அது போனால் பட்டறை வெறும் ஷெட்தான். இதை நான் வீட்டில்கூட முழுதாகச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் ஆனைமலைப் பக்கம் ரிசார்ட் வைத்திருந்த ஒருவர் எப்படியோ என் நம்பரைப் பிடித்துப் பேசினார். ரிசார்ட் வாசலில் நிறுத்தி வைக்க ஒரு அம்பாசடர் வேண்டுமாம். ஓட வேண்டியதில்லை, பளபளவென்று நின்றால் போதும், வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள் என்றார். அவர் சொன்ன விலையில் என் பங்கு வந்தாலே லேத்தைக் காப்பாற்றிவிடலாம். ஓடுகிற வண்டியை நிற்க வைக்கவா இவ்வளவு பணம் என்று அவர்மீதும் சந்தேகம் வந்தது. இருந்தாலும் மறுக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், ஊரடங்கு தொடங்கியபோது வண்டி அண்ணனிடம் மாட்டிக்கொண்டது. என் முறை வந்தது, வண்டி வரவில்லை. கோவை, திருப்பூர் அடங்கிய எங்கள் மண்டலத்துக்குள் போய்வரப் பாஸ் வேண்டாம் என்று அறிவித்த அன்றே போன் செய்தேன்.

"அண்ணா, என்ற முறை ஒண்ணு அப்படியே போயிருச்சுங்ணா. வந்து வண்டிய எடுத்துக்கட்டுங்களா?"

"பேட்டரி எறங்கிக் கெடக்குதுடா. ஸ்டார்ட்டே ஆகறதில்ல. அடுத்த அமாவாசைக்குப் பாத்துக்கலாம்."

அண்ணன் இரண்டு வார்த்தை பேசி முடிக்கிற ஆள் அல்ல. மழை, மாடு, மருமகன் என்று எல்லாம் விசாரித்த பிறகுதான் போனை வைப்பார். அன்று வைத்துவிட்டார்.

அந்த வாரமே காங்கேயத்திலிருந்து தேங்காய் எண்ணெய் டின் ஏற்றி வரும் டெம்போ டிரைவர் பட்டறை வாசலில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். தெரிந்தவர்தான். குடித்துவிட்டுச் சொன்னார்.

"ஏனுங்க, உங்க வண்டிய விடியால அவிநாசிகிட்ட ரோட்டுல பாத்தனுங்க. ஆரு ஓட்டறாங்கன்னு தெரியலீங்க. மாஸ்க்கு போட்டிருந்தாங்க."

"எங்க வண்டின்னு எப்படித் தெரியும்?"

"பித்தளை மூடி இருந்துச்சுங்களே. பின்னாடி சீட்டத்தான் காணோங்க."

எனக்குத் தலை கிர்ரென்றது. பேட்டரி இறங்கிய வண்டி அவிநாசி வரை எப்படிப் போனது? சீட்டு எங்கே போனது? ரிசார்ட்காரர் என்னிடம் மட்டுமா பேசியிருப்பார், அண்ணனிடமும் பேசியிருப்பார். இல்லையென்றால் வண்டியைப் பிரித்துச் சாமான் சாமானாக விற்கிறார். பழைய வண்டியை மொத்தமாகக் கொடுப்பதைவிடப் பிரித்து விற்றால் காசு அதிகம். எனக்கே அந்த யோசனை ஒரு தரம் வந்திருந்ததால் அவருக்கும் வந்திருக்கும் என்று உறுதியாக நம்பினேன்.

வீட்டில் மனைவியிடம் கொட்டினேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"உங்கண்ணன் அப்படிப்பட்டவருங்களா? போன வருசமும் டீசல் கொறஞ்சிருக்குது, திருடிப்போட்டாருன்னு குதிச்சீங்க. கடைசீல பாத்தா டேங்க்குல ஓட்டை. அதும் நீங்க பத்தவெச்ச எடத்துல."

"அது வேற, இது வேற."

"உங்களுக்கு எல்லாமே வேறதானுங்க."

அடுத்த நாள் விடிவதற்குள் மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாஸ்க் போட்டு, அதற்கு மேல் ஹெல்மெட்டும் போட்டேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். போகிற வழியெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளை வரிசைப்படுத்திக்கொண்டேன். கேட்டுவிட்டு, பெரியவர்கள் முன்னால் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்ன சொல்வது என்பதுவரை தயார்.

அவிநாசிக்குள் நுழைவதற்கு முன்பே புளியமரத்தடியில் வண்டி நின்றது. டிக்கி திறந்திருந்தது. பின் சீட் இருந்த இடத்தில் தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் கிரேடுகள். டிக்கியில் சின்ன வெங்காயம், கொத்தமல்லி, ஒரு கட்டுக் கறிவேப்பிலை. எங்கள் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையோடு, மாஸ்க் போட்டுக்கொண்டு, கையில் தராசைப் பிடித்துத் தக்காளி நிறுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் சொந்தத்தில் கல்யாணம் என்றால் மேடைக்குப் பக்கத்தில் முதல் நாற்காலி அவருக்குத்தான். கடையில் பேரம் பேசுவது கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர். அவரிடம் ஒரு பெண், "கறிவேப்பிலை சும்மா போடுங்க, அதுக்குமா காசு?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். "போட்டாச்சுங்க அம்மணி" என்றார் அண்ணன்.

பார்த்ததும் புரிந்துவிட்டது. கொப்பரை லோடு ஏறாமல் களம் கிடக்கிறது. தோட்டத்துத் தக்காளியை எடுக்க வியாபாரி வரவில்லை. காங்கேயம் சந்தையில் நின்று விற்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் முகம் தெரியாத ஊராகப் பார்த்து வந்திருக்கிறார்.

திரும்பிப் போயிருக்கலாம். மொபெட் அணைந்துவிட்டது, அதை உதைப்பதற்குள் அவர் என்னைப் பார்த்து, "வாங்க, எத்தனைங்க?" என்றார்.

"ரெண்டு கிலோ" என்றேன். மாஸ்க்கும் ஹெல்மெட்டும் குரலை அமுக்கிவிட்டன. அதுவும் நல்லதுக்குத்தான்.

நிறுத்துப் பையில் போட்டார். பணத்தை நீட்டினேன். லேத்தில் சிக்கி நுனி போன என் ஆள்காட்டி விரல் அவர் முகத்துக்கு நேராக நின்றது. அவர் பணத்தை வாங்க ஒரு கணம் தாமதித்தார். பிறகு இரண்டு கை வெங்காயத்தை அள்ளிப் பையில் போட்டார்.

"ஊட்ல கொழந்தைகளுக்குச் செஞ்சு குடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பையைப் பட்டறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பழக்கம் விடுமா? தக்காளி மட்டுமே இரண்டு கிலோவுக்கு மேல் இருந்தது. என்னை அடையாளம் தெரிந்து கூட்டிப் போட்டாரா, இல்லை எல்லோருக்கும் இப்படித்தான் போடுகிறாரா? எல்லோருக்கும் இப்படிப் போட்டால் டீசல் காசுகூட மிஞ்சாதே என்று கவலையாக இருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக மீதி வாங்காமல் வந்திருக்கிறேன்.

கோபமும் வந்தது. என்னிடம் சொன்னால் என்ன, நான் என்ன ஊரானா என்று மனைவியிடம் கேட்டேன். "நீங்க லேத்த விக்கப் போறத அவருகிட்டச் சொன்னீங்களா?" என்றாள். அவளிடமே நான் அதைச் சொல்லியிருக்கவில்லை.

அமாவாசையன்று காலையில் வாசலில் அந்த ஹாரன் கேட்டது. அண்ணன் வந்திருந்தார். வண்டியைக் கழுவித் துடைத்திருந்தார். பின் சீட் பழைய இடத்தில் இருந்தது. பித்தளை மூடிக்குப் புளி போட்டுத் தேய்த்திருந்தார்.

"பேட்டரி சரியாப் போச்சுங்களாண்ணா?"

"ஆச்சுடா. உன்ற முறைய இன்னொருக்கா தப்ப உடக் கூடாதல்லொ."

தள்ளி நின்று காபி குடித்தார். மழை, மாடு, மருமகன் எல்லாம் விசாரித்தார். பஸ்ஸுக்கு நடந்துவிட்டார். அவர் போன பிறகு நான் முதலில் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன், சாமான் எதுவும் குறைகிறதா என்று. எல்லாம் இருந்தது. டிக்கியைத் திறந்தேன். சாக்கை மடித்து வைத்து, அதன் மேல் தராசும் எடைக்கற்களும் வைத்திருந்தார்.

மறந்து வைத்தாரா, தெரிந்தே வைத்தாரா என்று வெகுநேரம் நின்று யோசித்தேன். தெரிந்தேதான், நானும் இதை வைத்துப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று. லேத்தைப் பார்த்துவிட்டுப் போன மிஷின்காரர் சூலூரில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க மாட்டார், அண்ணன் காதுக்கும் போயிருக்கும். ஆனால் வண்டி இங்கே நின்றால் அவர் தோட்டத்துத் தக்காளி எதில் போகும்? முறை முறைதான் என்று தன் பிழைப்பைக் கழுவித் துடைத்து என் வாசலில் நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் போயிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. மனைவி பார்க்காமல் டிக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் ரிசார்ட்காரர் கூப்பிட்டார். வண்டி விலைக்கு இல்லை, ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். லேத்தை என்ன செய்வது என்று அப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்துப் பின் சீட்டைக் கழற்றி ஷெட்டுக்குள் வைத்தேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். அண்ணன் பறித்து வைத்த தக்காளிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"சீட்டு எங்கடா?"

"ஊட்டுல கழட்டி வெச்சுட்டனுங்ணா."

"உன்ற முறையல்லொடா இது?"

"ஆமாங்ணா. அதனாலதான் நான் ஓட்டறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். எங்கள் குடும்பத்துக்கே உள்ள பார்வை அது, எதையும் லேசில் நம்பாது. பிறகு கிரேடுகளை எடுத்துக் கொடுத்தார். நான் உள்ளே அடுக்கினேன். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து மடித்த நோட்டும் சில்லறையுமாக எடுத்து நீட்டினார்.

"இந்தா. அன்னைக்கு மீதி வாங்காமயே போயிட்ட."

நான் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.