கறவை மாட்டுக் கடனில் வந்த அச்சுகள்

நான் கிராம சேவிகாவாக வேலை பார்த்த காலத்தில் என்னை எரிச்சல்படுத்தியவர்கள் நிறையப் பேர். அதில் முதலிடம் ஒரு பசு மாட்டுக்கு. அந்த மாடு ஒரு தப்பும் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

எழுபதுகளின் தொடக்கம். பேங்குகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஏழைகளுக்குச் சின்னச் சின்னக் கடன் கொடுக்க வேண்டும், அடமானம் கேட்கக் கூடாது என்று மேலிருந்து உத்தரவு வந்திருந்தது. ஆட்களைப் பார்த்து மனு எழுதி வாங்கி வரும் வேலை என் தலையில் விழுந்தது. விருத்தாசலத்துக்கும் வேப்பூருக்கும் நடுவில் ஏழெட்டு ஊர்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி முந்திரித் தோப்பு ஓரமாக நடக்க வேண்டும். ஊர்க்காரர்கள் என்னை டீச்சர் என்று கூப்பிடுவார்கள். நான் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. ஒரு பொம்பளை கையில் பையும் குடையும் இருந்தால் அவள் டீச்சர்தான்.

அந்த ஊர்களில் ஒன்றில் என்னைவிட நாலைந்து வயது மூத்த ஒரு அக்கா இருந்தார். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் தினக்கூலி. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில் ஓரமாக ஒரு பிசிறுக் கோடு இருக்கும். அதைக் கத்தியால் சுரண்டி, நனைத்த பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குவது அவர் வேலை. வருஷக்கணக்காகச் செய்ததில் பொம்மையைப் பார்க்காமலே விரலால் தடவிப் பிசிறைக் கண்டுபிடித்துவிடுவார். புருஷன் பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போவார், வாரம் ஒருமுறை வருவார்.

நான் கடன் பற்றிப் பேசப் போனபோது மற்றவர்கள் எல்லாம், "எவ்ளோ குடுப்பாங்க?" என்று கேட்டார்கள். இந்த அக்கா மட்டும், "எதுக்குக் குடுப்பாங்க?" என்று கேட்டார்.

"உங்களுக்கு எதுக்கு வேணும்?"

"ஆறு அச்சு வேணும் டீச்சரு. கிளி, நாயி, முயலு, அந்த மாதிரி. களிமண்ணு ஒரு மூட்ட. வூட்டுலயே கரைச்சி அச்சுல ஊத்தி, காய வச்சி, டவுன்ல சூளைக்குக் கொண்டுபோய் வாடகைக்குச் சுட்டுக்குவேன். கம்பெனியில நான் செய்யற வேலதான. அவங்களுக்குச் செய்யறத எனக்குச் செஞ்சிக்கறேன்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே, கேட்டதும் கணக்காகப் பதில் சொன்ன ஒரே ஆள். மனுவை நானே அழகாக எழுதி பேங்குக்கு எடுத்துப் போனேன்.

மேனேஜர் வெளியூர்க்காரர். கெட்டவர் இல்லை. மனுவைப் படித்துவிட்டு, மேஜைக்கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த ஒரு தாளை விரலால் தட்டினார்.

"கறவை மாடு, ஆடு, தையல் மிஷின், மாட்டு வண்டி. இதுல பொம்மை எங்கம்மா இருக்கு?"

"இந்த ஊரே பீங்கான் ஊர் சார். வெளியில எட்டிப் பார்த்தா சூளைப் புகை தெரியுது."

"தெரியுது. லிஸ்ட்ல தெரியலையே. அச்சு உடைஞ்சு போச்சுன்னா நான் எதைப் போய்ப் பார்ப்பேன்? மாடுன்னா கண்ணுக்குத் தெரியும். செத்தாக்கூட இன்ஷூரன்ஸ் இருக்கு."

மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அதே தாள், அதே விரல். நாலாவது தடவை நான் போகவில்லை. மார்ச் மாதம் முடியப் போகிறது, என் பட்டியலில் ஒரு பெயர் குறைகிறது. நான் நேரே அந்த அக்கா வீட்டுக்குப் போய், மாடு வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.

"மாட்ட வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? வேலைக்குப் போனா யாரு மேய்க்கிறது?"

"பால் விக்கலாம்கா. கம்பெனி கூலியவிட ஜாஸ்தி வரும்."

"யாருக்கு விக்கறது? இந்த ஊர்ல பால் வாங்கறவங்க யாரு இருக்காங்க?"

டவுனுக்குக் கொண்டுபோய் விற்கலாம் என்றேன். இன்னும் என்னென்னவோ பேசினேன். சனிக்கிழமை புருஷன் வந்ததும் அவரிடமும் பேசினேன். அவருக்கு மாடு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. வாசலில் மாடு கட்டியிருந்தால் ஒரு மரியாதை என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த அக்காவைக் கைநாட்டு வைக்க வைத்தோம். இன்று நினைத்தாலும் என் மேல் எனக்கே கோபம் வருகிறது.

வேப்பூர் சந்தைக்கு நாங்கள் ஒரு கூட்டமாகப் போனோம். பேங்கிலிருந்து ஒருவர், கால்நடை டாக்டர், நான், கடன் வாங்கும் பெண்கள். டாக்டர் பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார், காதில் நம்பர் போட்ட வில்லையை மாட்டினார். அந்த அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கயிற்றைக் கையில் கொடுத்தார்கள், பிடித்துக்கொண்டு நடந்தார்.

அது மானாவாரிப் பூமி. வெயில் ஏறியதும் புல் கருகிவிட்டது. வைக்கோல் விலைக்கு வாங்க வேண்டும். மாட்டைப் பார்த்துக்கொள்வதற்காக அவர் கம்பெனி வேலையை விட்டார். கறந்த பாலை டவுனுக்கு எடுத்துப் போக பஸ்ஸுக்குக் காசு. பஸ் வராத நாளில் பால் திரிந்து போகும். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "மாடு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்பேன். "அது நல்லாதான் இருக்குது டீச்சரு" என்பார். அந்த "அது" என் காதில் குத்தும்.

ஆடி மாதம் பேங்கிலிருந்து மாடுகளைப் பார்வையிட வந்தார்கள். வந்தவரோடு நானும் போனேன். அந்த அக்கா வீட்டு வாசலில் முளைக்குச்சி மட்டும் இருந்தது.

"மாடு எங்க?" என்றார் பேங்க்காரர்.

"பெண்ணாடத்துல ஒரு கரும்புக்காரரு வூட்டுல இருக்குது. வித்துட்டேன்."

பேங்க்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். நான் நடுத்தெருவில் நின்று கத்தினேன். "என் வேலை போயிடும் தெரியுமா? உங்களுக்காக நாலு பேர் கால்ல விழுந்தேனே!" விழவில்லைதான். கோபத்தில் வந்துவிட்டது.

அவர் என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனார். உள்ளே சுவரோரமாக வெள்ளை வெளேரென்று ஆறு பிளாஸ்டர் அச்சுகள். பலகையில் கிளிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"மாட்ட வித்த காசு இதுல இருக்குது. அங்க கரும்புத் தோகை இருக்குது, மாடு நல்லா தின்னுது. இங்க இருந்தா அதுவும் பட்டினி, நாங்களும் பட்டினி. தவணை ஒண்ணாச்சும் நின்னிருக்குதா? நீங்களே பாருங்க."

கடன் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஒரு தவணைகூட நிற்கவில்லை. எனக்குக் கோபம் அடங்கவில்லை, ஆனால் அதை யார் மேல் வைப்பது என்று தெரியாமல் போய்விட்டது.

மறுநாளே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுக் கடனையும் உடனே கட்டச் சொல்லி நோட்டீஸ் தயார் செய்திருந்தார்.

"ஒழுங்காக் கட்டறாங்க சார்."

"கடன் மாட்டுக்கு. மாடு இல்லை."

"அதே தெருவுல இன்னொருத்தங்க மாடு வாங்கி ஒரு தவணைகூடக் கட்டலை. அவங்களுக்கு ஏன் நோட்டீஸ் இல்லை?"

"அங்க மாடு இருக்கும்மா."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். நான் வெளியே வந்து, வெயிலில் குடையை விரிக்கக்கூட மறந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன்.

அந்த அக்கா கெஞ்சவில்லை. கடைத்தெருவில் ஃபேன்சி சாமான் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் போனார். அவர் பொம்மைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்தார். பதிலுக்கு, ஒரு வருஷம் முழுவதும் குறைந்த விலைக்கு அவருக்கே கொடுக்க வேண்டும் என்று பேச்சு. போதாததற்குக் காதுத் தோட்டை விற்றார். ஒரே நாளில் கடன் முடிந்தது. அந்த ஒரு வருஷத்தில் அவர் செய்த பொம்மைகளில் அவருக்கு நின்றது களிமண் விலையும் சூளை வாடகையும் போக கொஞ்சம் அரிசிதான்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வருஷக் கடைசி அறிக்கையில் யாரோ ஒரு வரி எழுதிவிட்டார்கள்: கறவை மாட்டுக் கடன் வாங்கி, கெடுவுக்கு முன்பே முழுவதும் அடைத்த ஒரே பயனாளி. விழா வைத்தார்கள். பந்தல், மைக், பெரிய அதிகாரி ஒருவர். எனக்குப் பாராட்டுத் தாள். அந்த அக்காவுக்குப் பால் எடுத்துப் போக ஒரு எவர்சில்வர் தூக்கு. மாடு வளர்ப்பைப் பற்றிப் பெண்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று மைக்கை நீட்டினார்கள்.

அவர் மைக்கை வாங்கிக்கொண்டார்.

"மாடு வாங்கறதா இருந்தா புல்லு இருக்குதான்னு பாத்து வாங்குங்க. இல்லன்னா வேணாம்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜரும் தட்டினார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என் பாராட்டுத் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அச்சுக்கென்றே புதிதாக ஒரு மனு எழுதுகிறேன், இந்த முறை மெட்ராஸுக்கே அனுப்புகிறேன் என்றேன்.

"மனுவெல்லாம் வேணாம் டீச்சரு. ஒரு ஒத்தாச பண்ணுங்க. சூளையில எப்பவும் கடைசித் தட்டுதான் எனக்குக் குடுக்கறாங்க. அதுல சூடு சரியா ஏறல, பாதி வெம்பிப் போவுது. நடுத் தட்டு குடுக்கச் சொல்லிக் கேளுங்க. நான் கேட்டா காதுல வாங்க மாட்றாங்க."

அடுத்த வியாழக்கிழமை சூளைக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்த மேஸ்திரி என் பையையும் குடையையும் பார்த்துவிட்டு, "அதுக்கென்னா டீச்சர், வைக்கச் சொல்லிடறேன்" என்றார். அவ்வளவுதான். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனை மாதத்தில் அந்த அக்கா அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவர் மேலும் ஒரு எரிச்சல் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். என்ன வேண்டும் என்று முதல் நாள் கேட்டதோடு சரி, அதற்குப் பிறகு நான் அவரிடம் மாட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.